தண்டோடு இறுகிப்போன படகு எஞ்சின் புரொபெல்லரைக் கழற்றும் முறை

வாடைக் காலத்தில் திருகோணமலைக் கரையிலுள்ள திருக்கடலூரிலும் சல்லியிலும் இறக்கக்கண்டியிலும் கரைக்கு இழுத்து வைக்கப்படும் கண்ணாடியிழைப் படகுகளின் எஞ்சின்கள், பெரும்பாலும் உப்புத் தண்ணீர் காயாத நிலையிலேயே சாக்கால் மூடப்பட்டு, மாதக்கணக்கில் ஒரு மூலையில் கிடக்கின்றன. கடல் அடங்கி, மறுபடி தொழிலுக்கு இறங்கும் வேளையில், நட்டு கழராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, புரொபெல்லரைப் பிடித்து இழுத்தால் அது அசைவதில்லை. அப்போது கை தானாகவே சுத்தியலைத் தேடும். பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி முதன்முறையாகத் தாமே பராமரிக்கத் தொடங்கியவர்கள் அந்தச் சுத்தியலை எடுக்குமுன் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு விடயத்தை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புரொபெல்லர் மாற்றக்கூடிய பொருள். அதன் பின்னால் இருக்கும் தண்டும், தாங்கிகளும், கியர்ப் பற்களும், கியர்ப் பெட்டியின் அலுமினிய உடலும் அப்படி இலேசில் மாற்றக்கூடியவை அல்ல. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியிலும் நீங்கள் கொடுக்கும் விசை இவ்விரண்டில் எதன்மேல் போய் முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால், எங்கே நிறுத்த வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெளிவாகிவிடும்.

இறுகுவது எதனால்

புரொபெல்லர் தண்டு துருப்பிடிக்காத உருக்கால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் நீளவாக்கில் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். புரொபெல்லரின் நடுவிலே அந்தப் பற்களோடு பொருந்தும் ஓர் உட்குழல் உண்டு. அது பெரும்பாலும் பித்தளையாகவோ வெண்கலமாகவோ, சிலவற்றில் அலுமினியமாகவோ இருக்கும். உட்குழலைச் சுற்றி இறுக்கமாகச் செலுத்தப்பட்ட இறப்பர்ப் புஷ்ஷும், அதற்கு வெளியே அலுமினிய உடலும் இலைகளும் இருக்கின்றன. கல்லில் இலை அடிபட்டால் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொண்டு கியரைக் காப்பாற்றுவது அந்த இறப்பர்தான். சூடு காட்டும் கட்டம் வரும்போது இதை மறக்கக்கூடாது.

வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் கிடந்தால், அவற்றுக்கிடையே சிறு மின்னோட்டம் உண்டாகி ஒன்று மற்றொன்றுக்காக அரிபடும். அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்கும் சேருமிடத்தில் அரிபடுவது எப்போதும் அலுமினியமே. அரிப்பினால் உண்டாகும் வெள்ளைப் பொருள் தான் பிறந்த உலோகத்தைவிடக் கூடுதலான இடத்தைப் பிடிப்பதால், பற்களுக்கிடையே இருந்த நூலிழை இடைவெளியையும் நிரப்பி, ஆப்பு அடித்ததுபோல் இறுக்கிவிடுகிறது. பித்தளைக் குழல் உள்ளவற்றில் பசுமையான களிம்பும், காய்ந்து கட்டியாகிப்போன பழைய கிறீசும், உப்பும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. நமது கடலில் இன்னொன்றும் சேர்கிறது: மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாவின் ஆழங்குறைந்த பகுதிகளில் ஓடும் எஞ்சின்கள் சேற்றையும் நுண்மணலையும் கிளப்பி, அதைப் பற்களுக்குள்ளும் வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே நீங்கள் எதிர்த்துப் போராடுவது உலோகத்தோடு அன்று. இரண்டு உலோகங்களுக்கு இடையே அடைந்து கிடக்கும் ஒரு பொருக்கோடு. பொருக்கை ஊறவைக்கலாம், அதிர வைத்து உடைக்கலாம். இழுப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

தொடங்குமுன்

எஞ்சினின் நிறுத்து கயிற்றைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளின் தொப்பிகளையும் கழற்றி ஒதுக்கி வையுங்கள். கியர் விழுந்த நிலையில் புரொபெல்லரைக் கையால் சுற்றினால் உள்ளே எஞ்சினும் சேர்ந்து சுற்றும். கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய எஞ்சின்கள் அப்படிச் சுற்றும்போது ஒருமுறை வெடித்துக் கிளம்பக்கூடியவை. இலை கையை வெட்டுவதற்கு அந்த ஒரு சுற்றே போதும். எரிபொருள்த் தாங்கியையும் குழாயையும் கழற்றித் தூரத்தில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினானாலும் கிளப்புவதற்குப் பெற்றோல் பயன்படுத்துவதால் இரண்டின் ஆவியும் அந்த இடத்தில் இருக்கும்.

எஞ்சின் படகின் பின்பலகையிலோ உறுதியான மரத்தாங்கியிலோ பூட்டியிருக்க வேண்டும். மணலில் கிடத்தி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. மணல் பற்களுக்குள் போவது ஒருபுறமிருக்க, விசை கொடுக்கும்போது எஞ்சினே புரளும்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை: நட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் அல்லது சொக்கற் ஸ்பனர், குறடு, தடித்த மரக்கட்டை ஒன்று, மரச் சுத்தியல் அல்லது பித்தளைச் சுத்தியல், ஊடுருவும் ஒயில், ஒரு கேத்தல் கொதிநீர், இறுகிய பாகத்தைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லர் ஒன்று. புல்லரை வாங்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் அல்லது முச்சக்கரவண்டி திருத்தும் எந்தக் கராஜிலும் இரவல் கேட்கலாம்.

பின்னும் நட்டும்

ஸ்பிளிட் பின்னின் விரிந்த கால்களைக் குறட்டால் நேராக்கி, தலைப் பக்கமாக இழுத்து எடுங்கள். கால் முறிந்து உள்ளே தங்கிவிட்டால் அதன் பருமனிலும் சற்றுக் குறைந்த கம்பியொன்றால் தட்டி வெளியேற்றலாம். பின் உள்ளே இருக்கும்போதே நட்டை வலிந்து திருப்புவோரும் உண்டு. பின் வெட்டுண்டு நட்டு கழன்றுவரும் என்பது உண்மைதான்; ஆனால் வெட்டுண்ட துண்டு தண்டின் மரையை உழுதுகொண்டே வரும்.

நட்டைத் தளர்த்த, தண்டு சுற்றாமல் நிற்க வேண்டும். எஞ்சினுக்குப் பின்னால் நின்று பார்க்கையில், வழமையான வலமரை நட்டு இடஞ்சுழியாகத் தளரும்; அப்போது வலப்பக்கத்து இலை மேல்நோக்கி எழும். எனவே வலப்பக்கத்து இலைக்கும், அதற்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கும் இடையில் மரக்கட்டையை வையுங்கள். திரும்ப இறுக்கும்போது கட்டை இடப்பக்கம் மாறும். கியரை மட்டும் போட்டுத் தண்டை நிறுத்தப் பார்ப்பது நல்லதன்று. ஸ்பனரில் நீங்கள் கொடுக்கும் முழு விசையும் கியர்ப் பல்லில் போய் விழும்.

துருப்பிடிக்காத உருக்கு நட்டு அதே உலோகத் தண்டில் இறுகியிருந்தால், ஒரே மூச்சில் திருப்பாமல் கால் சுற்றுத் தளர்த்தி, ஒயில் விட்டு, சற்றுத் திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்திக் கொண்டுவர வேண்டும். உலர்ந்த நிலையில் வேகமாகத் திருப்பப்பட்ட அத்தகைய மரைகள் ஒன்றையொன்று தின்று ஒட்டிக்கொள்ளும். நட்டுக் கழன்றதும் அதன் பின்னாலுள்ள வாசரையும் இடைவளையத்தையும் எடுத்து, எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

ஊறவைத்தல்

இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்களே பின்னர் கியர்ப் பெட்டி தேடி அலைகிறார்கள். எஞ்சினை மேலே மடக்கி நிறுத்தினால் தண்டின் பின்முனை வானத்தைப் பார்த்து நிற்கும். புரொபெல்லரின் உட்குழல் வாய் ஒரு சிறு கிண்ணம்போல் ஆகிவிடும். தண்டைச் சுற்றித் தெரியும் வெள்ளைப் பொருக்கைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து அகற்றிவிட்டு, பற்கள் தெரியும் அந்த வட்டத்தில் மட்டும் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

எந்த ஒயில் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. இறுகிய பாகங்களுக்கென்றே விற்கப்படும் ஊடுருவும் ஒயில் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் டபிள்யூ.டி. 40 முதன்மையாக ஈரத்தை விரட்டும் பொருள். இறுகியதை அவிழ்ப்பதில் அது நடுத்தரம்தான். அசற்றோனையும் ஒட்டோமற்றிக் கியர் ஒயிலையும் சரிபாதி கலந்து பயன்படுத்துவது மெக்கானிக்குகளிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம், நன்றாக ஊடுருவும். ஆனால் இரண்டும் நிலைத்துக் கலப்பதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பெயின்ற்றிலும் இறப்பரிலும் படவிடக்கூடாது, அருகில் சிகரெட் நெருப்புக்கூட இருக்கக்கூடாது. ஒன்றும் இல்லையென்றால் மண்ணெண்ணெயோ டீசலோ போதும். மெதுவாகத்தான் வேலை செய்யும், அவ்வளவுதான்.

ஒயில் விட்ட பிறகு, புரொபெல்லரின் நடு உடலை மரச் சுத்தியலால் சுற்றிவரச் சிறிதாகத் தட்டுங்கள். இலையில் தட்டக்கூடாது, தண்டின் முனையில் தட்டவே கூடாது. இந்தத் தட்டல் நகர்த்துவதற்காக அன்று, அதிர்வினால் பொருக்கில் வெடிப்பு உண்டாகி ஒயில் உள்ளே இறங்குவதற்காக. இரவு முழுவதும் விட்டு, காலையில் மீண்டும் ஒயில், மீண்டும் தட்டல். வாடைக் காலம் முழுவதும் கிடந்த எஞ்சினுக்கு இரண்டு மூன்று நாள் ஊறல் நியாயமானதே. ஒயில் வேலை செய்கிறதா என்பதை அறிய முன்பக்கத்தைப் பாருங்கள்: உட்குழலுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடுக்கில், விட்டபோது தெளிவாக இருந்த ஒயில் சாம்பல் நிறச் சேறாகக் கசிந்து ஒரு கோடுபோல் நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் இழுக்கத் தொடங்க வேண்டாம்.

சூடு

உலோகங்கள் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஒரு மீற்றர் நீளமான அலுமினியம் 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் நீளும். பித்தளை ஏறத்தாழ 1.9, துருப்பிடிக்காத உருக்கு 1.7 அல்லது அதிலும் குறைவு. தண்டின் விட்டத்துக்குக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவிலோ அதிலும் குறைவாகவோதான் வரும். ஆனால் பொருக்கில் வெடிப்பு விழுவதற்கும், ஆறும்போது ஒயிலை உள்ளே உறிஞ்சுவதற்கும் அதுவே போதுமானது.

கொதிநீரே இதற்கு மிகப் பாதுகாப்பானது, ஏனெனில் அது 100 பாகைக்கு மேல் போகாது. கியர்ப் பெட்டிக்குள் நீர் புகாமல் தண்டைச் சுற்றியுள்ள சீலும், புஷ்ஷின் இறப்பரும் அந்தச் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும். புகை புரொபெல்லரின் நடுவால் வெளியேறும் வகை எஞ்சினானால், வெளி உடலுக்கும் உள் உடலுக்கும் இடையே இருக்கும் துவாரங்கள் வழியாக நீரை ஊற்றினால் சூடு நடுப்பகுதியை விரைவாக அடையும். ஆனால் எஞ்சின் மடங்கி நிற்கும்போது அப்படி ஊற்றக்கூடாது. அந்த நிலையில் நீர் புகைவழியால் உள்நோக்கி ஓடும். எஞ்சினின் காலை (நீருக்குள் நிற்கும் கீழ்ப்பகுதியை) செங்குத்தாக இறக்கிவிட்டு, நீர் வடியும் நிலையில் ஊற்றுங்கள். கையுறையும் மூடிய செருப்பும் வேண்டும். சூடாக இருக்கும்போதே இலைகளை இரு கைகளாலும் பிடித்து, சுற்றும் திசையில் முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். பிறகு ஒயில் விட்டு ஆறவிடுங்கள். சூடு, ஆட்டல், ஒயில், ஆறல் என்ற இந்தச் சுற்றைச் சில முறை செய்தாலே கணிசமானவை கழன்றுவிடும்.

காஸ் விளக்கின் தீச்சுவாலையை நான் பரிந்துரைப்பதில்லை. அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் உலோகம். எவ்வளவு சூடேறிவிட்டது என்று கண்ணால் அறிய முடியாது. அதற்கு முன்பே புஷ் கரியும், சீல் எரியும், அசற்றோனும் எண்ணெயும் ஊறிய இடம் தீப்பற்றும். கோஸ்டிக் சோடா பற்றியும் ஒரு சொல்: அது அலுமினிய அரிப்பைக் கரைக்கும் என்பது சரியே, ஆனால் கியர்ப் பெட்டியையும் அதே வேகத்தில் கரைக்கும், கரைக்கும்போது எளிதில் வெடிக்கக்கூடிய ஐதரசன் வாயுவையும் வெளிவிடும்.

இழுத்தல்

நட்டைத் தலைகீழாகப் போட்டு, தண்டின் முனையோடு அதன் முகம் மட்டமாக வரும்வரை திருப்புங்கள். இது மரையைக் காக்கும். புரொபெல்லர் திடீரென்று கழன்று காலில் விழுவதையும் தடுக்கும். புல்லரின் நகங்களை இலைகளின் வேருக்கு அருகில், நடு உடலின் முன்விளிம்பில் கொளுவுங்கள். இலையின் ஓரத்தில் கொளுவினால் இலை வளையும். மூன்று இலைக்கு மூன்று கால் என்பதால் விசை சமமாகப் பரவும். இரண்டு கால் புல்லர் ஒருபக்கம் சாய்த்து இழுத்து, பற்களில் இன்னும் இறுக்கிவிடும். நடுத்திருகின் முனை தண்டின் மையக் குழியில் சரியாக உட்கார வேண்டும்.

திருகை ஒரு கையின் பலத்தால் மட்டும் இறுக்கிவிட்டு, நடு உடலைச் சுற்றிவரத் தட்டுங்கள். அசையாவிட்டால் இன்னும் கால் சுற்று. பிறகு அந்த இழுவையிலேயே விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். இழுவையில் நிற்கும்போது கொதிநீர் ஊற்றினால் பலன் இரட்டிக்கும். பொருக்கு விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். முதல் முறை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படுவதுண்டு. அதற்குப் பிறகு புரொபெல்லர் கைக்கே வரும். வராமல் ஒரு விரல் அகலம் நகர்ந்து நின்றால், வலிந்து இழுக்காமல் திரும்ப உள்ளே தள்ளி, ஒயில் விட்டு, மறுபடி இழுங்கள்.

கியர்ப் பெட்டியில் ஊன்றி அலவாங்கால் நெம்புவது நமது கரைகளில் அடிக்கடி காணும் காட்சி. அந்த விளிம்பு மெல்லிய வார்ப்பு அலுமினியம். ஒரு துண்டு பெயர்ந்தால் சீல் உட்காரும் இடமே போய்விடும். எஞ்சினைக் கிளப்பி கியரைப் போட்டு உதற வைக்கலாம் என்று யோசனை சொல்பவர் எவராயினும், அவரை அந்த இடத்தைவிட்டு அனுப்பிவிடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால்

சில நாள் ஊறலுக்கும் சூட்டுக்கும் புல்லருக்கும் மசியாத புரொபெல்லரைப் பலிகொடுப்பதே மலிவான வழி. வெளி உடலை நீளவாக்கில் இரும்பறுக்கும் வாளால் இறப்பர் தெரியும்வரை அறுத்து, எதிர்ப்பக்கத்திலும் அவ்வாறே அறுத்து, இரு பாதியாகப் பிளந்து எடுங்கள். கிறைண்டர் வேகமானதுதான்; ஆனால் அலுமினியத் தூள் சாதாரண வெட்டுத் தட்டில் அப்பிக்கொண்டு தட்டைச் சூடாக்கும், தட்டு வெடிக்கவும் கூடும் என்பதால் புதியவர்களுக்கு வாளே ஏற்றது. எதைப் பிடித்தாலும் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். பிறகு இறப்பரைக் கத்தியால் சீவி எடுத்தால் தண்டில் உட்குழல் மட்டும் எஞ்சும். அதில் நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து, தண்டின் பல்லைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்தி, அந்தக் கோட்டில் உளியை வைத்துத் தட்டினால் குழல் விரிந்து பிடியை விடும். வாள் தண்டைத் தொட்டதா என்ற ஐயம் வந்த கணமே நிறுத்துங்கள். இந்த வேலையைத் தாமே செய்யத் தயங்குபவர்கள் இந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதில் வெட்கம் எதுவுமில்லை.

கழன்ற பிறகு பார்க்க வேண்டியவை

புரொபெல்லருக்கு முன்னால் தண்டில் இருக்கும் உந்துவளையத்தையும் எடுத்து, அதன் பின்னே தண்டைச் சுற்றித் தங்கூசி நூலோ வலைநூலோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நமது கரையில் ஓடும் எஞ்சின்களில் அது இல்லாமல் இருப்பதுதான் அபூர்வம். சூட்டில் இறுகிய நூல் சீலின் உதட்டை வெட்டும். கடல் நீர் கியர்ப் பெட்டிக்குள் போகும். கியர்ப் பெட்டியின் கீழ்த்திருகை மெல்லத் தளர்த்திச் சில துளி ஒயிலை ஒரு வெள்ளைத் துணியில் பிடித்தால் உண்மை தெரியும். ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால் நீர் புகுந்துவிட்டது. சீல்களை மாற்றிப் புது ஒயில் விடாமல் அந்த எஞ்சினைக் கடலுக்குக் கொண்டுபோகக்கூடாது. வடித்த ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள், கரையில் ஊற்ற வேண்டாம்.

எஞ்சின் காலின் அடியில் பூட்டியிருக்கும் சிங்க் (துத்தநாக) கட்டி, அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட வைக்கப்பட்டிருப்பது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். அழகுக்காக அதன்மேல் பெயின்ற் அடித்திருந்தால் சுரண்டி எடுங்கள்; பெயின்ற் மூடிய சிங்க் வேலை செய்யாது.

தண்டின் பற்களைப் பித்தளை அல்லது நைலோன் தூரிகையால் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, நீர் புகாத கடற்கிறீசைப் பற்களின் பள்ளமெல்லாம் நிரம்பப் பூசுங்கள். செம்புத்தூளோ காரீயமோ (கிரபைற்) கலந்த கிறீஸ் வகைகளை, அவை இறுகாது என்று புட்டியில் எழுதியிருந்தாலும், இங்கே பூசக்கூடாது. கடல் நீரில் அவை அலுமினியத்தின் அரிப்பைக் கூட்டும். உந்துவளையத்தை முதலில், படத்தில் இருந்தபடியே, அதன் சரிவு தண்டின் சரிவோடு பொருந்துமாறு போடுங்கள். அதை மறந்து பூட்டினால் புரொபெல்லர் கியர்ப் பெட்டியில் உரசும். நட்டை எஞ்சினின் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்கி, ஸ்பிளிட் பின்னுக்கான துவாரம் நேர்ப்படாவிட்டால் தளர்த்தாமல் இன்னும் சற்று இறுக்கி நேர்ப்படுத்துங்கள். ஸ்பிளிட் பின் புதிதாக, துருப்பிடிக்காத உருக்கில் இருக்க வேண்டும். ஒருமுறை வளைந்த பழைய பின், மறுமுறை வளைக்கையில் முறியும்.

தொழில் நடக்கும் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புரொபெல்லரைக் கழற்றி, நூலை அகற்றி, கிறீஸ் பூசிப் பூட்டினால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது. வாடைக்கு எஞ்சினை ஏற்றி வைக்கும்போது புரொபெல்லரைத் தண்டிலே விட்டுவைக்காமல் கழற்றி, தண்டுக்குக் கிறீஸ் பூசிச் சுத்தமான துணியால் சுற்றிக் கட்டி, புரொபெல்லரையும் வளையங்களையும் நட்டையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.